தோற்றுப்போன மூன்று வாக்கெடுப்புகள்: மாநிலங்களவையில் அண்ணா

நாடாளுமன்றத்தில் எந்த மொழியில் பேசலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 120ஆம் பிரிவு வரையறுக்கிறது. இந்தியில் பேசலாம், ஆங்கிலத்தில் பேசலாம். இந்த இரண்டிலும் தன் கருத்தைப் போதிய அளவு எடுத்துச்சொல்ல இயலாத உறுப்பினருக்கு மட்டும், அவைத் தலைவர் இசைந்தால், தாய்மொழியில் பேச அனுமதி உண்டு. 1962 ஏப்ரலில் மாநிலங்களவை உறுப்பினரான சி.என். அண்ணாதுரை அந்த விதிவிலக்கைக் கேட்டிருக்கவே முடியாது. பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கியவர் தனக்கு ஆங்கிலம் வராது என்று சொன்னால் அவை சிரித்திருக்கும். ஆக, தமிழ் மேடைப் பேச்சின் போக்கையே மாற்றிய ஒருவர், தமிழில் பேச உரிமை இல்லாத ஓர் அவையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஐந்தாண்டுகளைப் பற்றி நம்மிடையே உலவுவது பெரும்பாலும் துணுக்குகள்தான். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவை காக்கையாக அல்லவா இருக்க வேண்டும், மயில் எப்படி வந்தது என்று கேட்டது ஒன்று. பெரிய நாய் நுழையப் பெரிய கதவு, சின்ன நாய் நுழையச் சின்னக் கதவு என்று இரண்டு எதற்கு, சின்ன நாயும் பெரிய கதவு வழியாகவே போகட்டுமே என்றது இன்னொன்று. மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டதே 1963இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் முதல் கிண்டல் எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று புரியும். இவை ரசிக்கத் தக்கவை. ஆனால் இந்த நகைச்சுவைகளின் நிழலில் அண்ணாவின் அவைப் பணியின் முதுகெலும்பு மறைந்துபோய்விட்டது என்பது என் குறை. மேடையில் அவருக்குக் கைகொடுத்த அடுக்குமொழியும் எதுகையும் டெல்லியில் செல்லாது. அவையெல்லாம் கழிந்தபின் மிஞ்சியது வாதம் ஒன்றே. நாடு பிரிய வேண்டும் என்ற கோரிக்கையோடு உள்ளே போன அந்த வாதம், இந்தியக் குடியரசில் அதிகாரம் யாருடையது என்ற கேள்வியாக மாறி வெளியே வந்தது. மாநில சுயாட்சி என்று பின்னால் பெயர் பெற்ற அரசியலின் விதை விழுந்த இடங்களில் அந்த அவையும் ஒன்று என்பேன்.

அவர் அங்கே போனதே ஒரு தோல்வியால். 1962 பிப்ரவரித் தேர்தலில் காஞ்சிபுரத்தில் காங்கிரசின் எஸ்.வி. நடேச முதலியாரிடம் அண்ணா தோற்றார். நடேச முதலியார் பேருந்து முதலாளி. தலைவர் தோற்ற அதே தேர்தலில் அவருடைய கட்சியான திமுக 15 இடங்களிலிருந்து 50க்கு ஏறியது. அந்த 50தான் கணக்கை மாற்றியது. சென்னை மாநிலத்துக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு காலியாகும். ஆறு இடங்களுக்கு 206 சட்டமன்ற உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு முறையில் வாக்களித்தால், ஓர் இடத்தைப் பிடிக்க 30 வாக்கு போதும். முந்தைய சட்டமன்றத்தின் 15 பேரை வைத்துக்கொண்டு திமுக தன் பலத்தில் ஒருவரையும் அனுப்பியிருக்க முடியாது. இப்போது ஒருவரை நிம்மதியாக அனுப்பலாம். அனுப்பினார்கள். பல்ராம்பூரில் மக்களவைத் தொகுதியை இழந்த வாஜ்பாயியும் அதே ஏப்ரலில் அதே அவைக்கு வந்து சேர்ந்தார் என்பது சுவையான தற்செயல். இந்தி வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒரே ஆண்டில் தோற்று ஒரே வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள்.

1962 மே 1ஆம் தேதி, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது அண்ணா தன் முதல் உரையை ஆற்றினார். நன்றி தெரிவிக்கும் விவாதத்துக்கு ஒரு வசதி உண்டு. சூரியனுக்குக் கீழே உள்ள எதையும் பேசலாம். அவர் திராவிட நாட்டைப் பேசினார்.

ஊரில் அந்தக் கோரிக்கை வேறு உடையில் உலவியது. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்பது கட்சியின் முழக்கம். அதில் கோபம் இருக்கிறது, கணக்குத் தீர்க்கும் தொனி இருக்கிறது. மே 1 உரையில் அந்தக் கோபத்தைத் தேடினால் கிடைக்காது. தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அதில் பெருமை கொள்பவன் என்று தொடங்குகிறார். உடனே, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தான் எதிரி இல்லை என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விலக்குகிறார். மனிதன் மனிதன்தான் என்பதற்கு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைச் சாட்சிக்கு அழைக்கிறார். பிறகு வருகிறது உரையின் கனமான இடம்: திராவிடர்களிடம் நாட்டுக்கு வழங்கத் திட்டவட்டமான, தனித்தன்மையுள்ள ஒன்று இருக்கிறது, அதனால்தான் சுயநிர்ணயம் கேட்கிறோம் என்கிறார். பறிகொடுத்தவன் கேட்பது போல அது ஒலிக்கவில்லை, கொடுக்க ஏதோ வைத்திருப்பவன் கேட்பது போல ஒலிக்கிறது. அல்ஜீரியா விடுதலை பெற இரண்டே மாதம் இருந்தது. சுயநிர்ணயம் என்ற சொல்லுக்கு உலக அரங்கில் அப்போது நல்ல மரியாதை. அந்த மரியாதையை அவர் தெரிந்தே இரவல் வாங்கினார்.

பாகிஸ்தான் பிரிவினையின் ரத்தம் காயாத காலம் அது. அவையில் இருந்த பலர் அகதியாக வந்தவர்களைக் கண்ணால் கண்டவர்கள். அந்த அச்சத்தையும் அவர் எதிர்கொண்டார். தெற்கு ஒரு தீபகற்பம், இங்கே பிரிவினை வந்தால் மக்கள் மூட்டை முடிச்சோடு இடம்பெயர வேண்டிவராது என்றார். சிறிய, செறிவான, ஒருமித்த நாடாக இருந்தால் பொருளாதார மீட்சியும் சமூக மீட்சியும் கைகூடும் என்றார். குறுக்கீடுகள் வந்தன. முதல் உரையில் குறுக்கிடுவதில்லை என்ற மரபு அன்று செல்லுபடியாகவில்லை.

உரையின் ஓட்டை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். திராவிட நாடு என்றால் நான்கு மொழி மாநிலங்கள். ஆந்திரத்திலும் கேரளத்திலும் மைசூரிலும் திமுகவுக்குச் சட்டமன்றத்தில் ஓர் இடமும் கிடையாது. அந்த மக்கள் இதைக் கேட்டார்களா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எதிர்காலத்தில் கேட்பார்கள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. இது நடக்கிற காரியமா என்று கேட்ட ஈ.வெ.கி. சம்பத் 1961இல் கட்சியை விட்டே போனார். எனவே மே 1 உரையை ஒரு கோரிக்கையின் உச்சம் என்று வாசிப்பதைவிட, தாங்காது என்று தெரிந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாக வாசிப்பது பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. எல்லைக்கோடு உரையில் மங்கலாக இருக்கிறது. தனித்தன்மை, ஒப்புதல், சமத்துவம் ஆகிய மூன்றும் பளிச்சென்று இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் தனி நாடு கட்டாயம் தேவையா என்பது அடுத்த ஆண்டு வந்த கேள்வி.

நடுவில் ஜூலையில் விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டம், வேலூர்ச் சிறை. அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. வெளியே வந்த அண்ணா பிரிவினைப் பிரச்சாரத்தை நிறுத்திவைத்து, போருக்கான அரசின் முயற்சிகளுக்குத் துணை நின்றார். வீடு இருந்தால்தான் ஓடு மாற்றலாம் என்று அவர் அப்போது சொன்னது ஊரெங்கும் பரவியது.

பிரச்சாரம் நின்றது. சட்டம் நிற்கவில்லை. 1963 ஜனவரியில் சட்ட அமைச்சர் அசோக் குமார் சென்னின் பொறுப்பில் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது திருத்த மசோதா வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றை ‘இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு’ ஆகியவற்றின் நலன் கருதிக் கட்டுப்படுத்த 19ஆம் பிரிவில் இடம் செய்தது ஒரு பகுதி. தேர்தலில் நிற்பவர் வேட்பாளராகும்போதே அந்த இறையாண்மையைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது இன்னொரு பகுதி. மசோதாவில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. யாருக்காக வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

இந்தத் திருத்தத்தின் பூர்வீகத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த ஒரு குழுவின் பரிந்துரை இது. குழுவின் தலைவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1947 ஜூனில், திருவிதாங்கூர் திவானாக இருந்துகொண்டு, ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்த அதே சி.பி.! பிரிந்துபோக முயன்றவர் பிரிவினைக்குப் பூட்டுச் செய்து கொடுத்திருக்கிறார். வரலாறு சில நேரம் நாடக ஆசிரியரைவிட நன்றாகக் காட்சி அமைக்கிறது.

மாநிலங்களவையில் அண்ணா அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். கட்சி தானாகவே பிரச்சாரத்தை நிறுத்திவிட்ட நேரத்தில் இதற்கு என்ன அவசரம் என்ற கேள்வி அதில் உண்டு. அது அரசியல் வாதம். எந்த எதிர்க்கட்சித் தலைவரும் கேட்கக்கூடியது. அதைத் தாண்டி அவர் ஒரு சொல்லைக் கையில் எடுத்தார். இறையாண்மை. நீங்கள் காப்பாற்றக் கிளம்பியிருக்கிற அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை மக்களிடம் இருக்கிறது என்கிறது. அது அரசியல் இறையாண்மை. சட்ட இறையாண்மையோ ஒன்றியத்துக்கும் அதன் உறுப்பான மாநிலங்களுக்கும் பகிர்ந்து தரப்பட்டிருக்கிறது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இதை வெறும் பாடப்புத்தக விளக்கமாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாதத்துக்கு முன்புதான், 1962 டிசம்பர் 21ஆம் தேதி, மேற்கு வங்க அரசு ஒன்றிய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நிலக்கரி நிலங்கள் பற்றிய வழக்கு அது. மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தை ஒன்றியம் சட்டம் போட்டுக் கையகப்படுத்தலாமா என்று கேட்டது மேற்கு வங்கம். மாநிலங்களும் தங்கள் எல்லைக்குள் இறையாண்மை உடையவை என்ற அதன் வாதத்தைத் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா தலைமையிலான பெரும்பான்மை ஏற்கவில்லை. நீதிபதி கே. சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டது என்பதே அவருடைய மாற்றுத் தீர்ப்பின் மையம். நீதிமன்றத்தில் ஒருவர் தனித்து நின்று சொன்னதன் உறவுக்காரக் கருத்தை, ஐந்து வாரத்துக்குள், அவையில் இன்னொருவர் தனித்து நின்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது இந்த வாதம் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான். சட்ட இறையாண்மை ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் பகிரப்பட்டது என்று சொல்பவர், பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டமைப்புக்குள் தான் நிற்பதை ஒப்புக்கொள்கிறார். வெளியே போகும் கதவைத் தேடியவர், வீட்டின் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்போம் என்கிறார். பிரிவினையைத் தடுக்கும் மசோதாவை எதிர்க்கும் பேச்சிலேயே பிரிவினையிலிருந்து நகர்ந்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. கட்சி அதிகாரப்பூர்வமாக நகர்ந்தது 1963 நவம்பரில்.

அண்ணாவை விமர்சிப்பவர்கள் அதைப் பயம் என்பார்கள். அபிமானிகள் ராஜதந்திரம் என்பார்கள். உறுதிமொழி இல்லாமல் தேர்தலில் நிற்க முடியாது என்ற கட்டாயம் உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கட்டாயம் எப்போது கைவிடுவது என்பதை மட்டுமே முடிவு செய்தது. கைவிட்ட இடத்தில் எதை வைப்பது என்பதை ஜனவரி உரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கோரிக்கையை விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இந்த உரையை வைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்குகிறது.

திருத்தம் நிறைவேறியது. முதல் தோல்வி.

இரண்டாவது தோல்வி அளவில் சிறியது, ஆனால் பார்க்க அழகானது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஊரில் இதற்கு உயிர் கொடுத்த வரலாறு இருந்தது. 1956இல் விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பு இருந்து அந்த அக்டோபரில் சங்கரலிங்கனார் இறந்திருந்தார். ஆனாலும் சட்டப்படி இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் டெல்லிதான். அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றுவது நாடாளுமன்றம். அந்த மாநிலத்தின் சட்டமன்றம் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். இறையாண்மை யாரிடம் இருக்கிறது என்று அண்ணா சில மாதங்களுக்கு முன் கேட்ட கேள்விக்கு, தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள முடியாத ஒரு மாநிலத்தைவிடக் கையடக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1963 மே மாதம் அந்த மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். தமிழ்நாடு என்ற பெயர் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்பதற்குப் பரிபாடலையும் பதிற்றுப்பத்தையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் எடுத்து வைத்தார். பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அண்ணா பதிலுக்கு மூன்று கேள்வி கேட்டார். நாடாளுமன்றத்துக்கு லோக் சபா என்று பெயர் வைத்ததில் உங்களுக்கு என்ன கிடைத்தது? கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸை ராஜ்ய சபா ஆக்கியதில் என்ன கிடைத்தது? பிரசிடென்டை ராஷ்டிரபதி என்பதில் என்ன கிடைத்தது?

இந்தப் பதிலைச் சாமர்த்தியம் என்று மட்டும் ரசித்துவிட்டுப் போகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த அவைக்கு ராஜ்ய சபா என்ற பெயர் சூட்டப்பட்டது 1954 ஆகஸ்டில். பதில் சொல்லப்பட்ட நாளில் அந்தப் பெயருக்கு வயது ஒன்பதுகூட ஆகவில்லை. பழைய பெயர் தெரிந்த உறுப்பினர்கள் பலர் அவையில் இருந்திருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் பெயர்ப்பலகையையே கழற்றி அவர்கள் முன்னால் வைத்தது போன்ற பதில் அது. தவிர, அந்த மூன்றும் இந்திப் பெயர்கள். பெயருக்கு உணர்ச்சி மதிப்பு உண்டு என்று உங்கள் மொழிக்கு ஒப்புக்கொண்டவர்கள், என் மொழிக்கு மட்டும் லாப நட்டக் கணக்குக் கேட்பதென்ன நியாயம் என்பது சொல்லாமல் சொன்ன பகுதி. அதன் பிறகு நேரடியாகவும் விடை சொன்னார்: ஒரு தொன்மையான பெயர் கோடிக்கணக்கானவர்களின் நெஞ்சில் இடம்பெறும் நிறைவு கிடைக்கும், இந்தச் சின்ன மாற்றத்தின் சிரமத்துக்கு அது போதாதா என்று.

மசோதா தோற்றது. பூபேஷ் குப்தா தமிழர் இல்லை, திமுகவோடு கொள்கை உறவும் இல்லாதவர். ஒரு வங்காளி கொண்டுவந்த தமிழ்நாடு மசோதாவை, வங்காளிக்கு நான் எதிரி இல்லை என்று ஓராண்டுக்கு முன் சொன்னவர் ஆதரித்துப் பேசியதை நம் வரலாற்று மேடைகள் இன்னும் கொஞ்சம் நினைவு வைத்திருக்கலாம். முதல்வரான பின் 1967 ஜூலை 18ஆம் தேதி சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா நிறைவேற்றினார். நாடாளுமன்றம் சட்டம் செய்து, 1969 ஜனவரி 14 முதல் பெயர் மாறியது. அவர் அதை இருபது நாள் பார்த்தார்.

மூன்றாவது, ஆட்சிமொழி மசோதா. அதே 1963. இந்தி மட்டுமே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக வேண்டிய நாள் என்று அரசமைப்புச் சட்டம் குறித்த 1965 ஜனவரி 26 நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர வழி செய்வதாகச் சொல்லி உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஏப்ரலில் மக்களவையில் மசோதாவை வைத்தார். மே மாதம் அது மாநிலங்களவைக்கு வந்தது.

சண்டை ஒரு துணைவினையில் மையம் கொண்டது. இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது மசோதா. ஆங்கில மூலத்தில் ‘மே’. படலாம் என்றால் படாமலும் போகலாம் என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது, ‘ஷல்’ என்று போடுங்கள் என்றது எதிர்ப்பு. மக்களவையில் பிராங்க் ஆந்தனியும் இதையே எழுப்பினார். இங்கே ‘மே’ என்றாலே ‘ஷல்’ என்றுதான் பொருள் என்பது நேருவின் சமாதானம். அப்படியானால் அதையே எழுதிவிடுவதில் என்ன தடை என்று நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கூடக் கேட்பார்.

அண்ணா இன்னும் ஆழமாகப் போனார். இந்திக்கு எண்ணிக்கைப் பலம் இருக்கிறது என்பதுதான் மறுதரப்பின் மூல வாதம். அந்த எண்ணிக்கை நாடு முழுக்கப் பரவலாகக் கலந்திருந்தால் அதற்கு ஒரு தர்க்கம் உண்டு. அது ஒன்றையொன்று ஒட்டிய சில மாநிலங்களில் குவிந்துகிடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். குவிந்துகிடக்கும் மொழி எவ்வளவு பெரிதானாலும் ஒரு வட்டார மொழியே. அதைப் பொதுமொழி ஆக்கினால் ஒரு வட்டாரத்துக்குப் பிறவிச் சலுகை, மற்றவர்களுக்குப் பிறவிச் சுமை. ஆங்கிலம் எல்லோருக்கும் சமமாக அந்நியம்; சாதகமும் பாதகமும் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்காகும். ஆகையால் இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்றார். பெரும்பான்மையின் முடிவு மட்டும் ஜனநாயகம் ஆகிவிடாது, சிறுபான்மையின் உணர்வுக்கும் அதில் புனிதம் உண்டு என்றும் சொன்னார். காக்கையும் நாய்க் கதவும் இந்த வாதத்தின் சுருக்கெழுத்துகள்தான்.

இந்த விவாதத்தில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. நான் தொடக்கத்தில் சொன்ன 120ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்தால் தெரியும். அரசமைப்புச் சட்டம் தொடங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும், நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டம் செய்தாலன்றி, ‘அல்லது ஆங்கிலத்தில்’ என்ற சொற்கள் அந்தப் பிரிவிலிருந்து தாமாக உதிர்ந்துவிடும். அப்புறம் அவை நடவடிக்கை இந்தியில் மட்டும். அதாவது 1963 மே மாதம் அண்ணா எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசியபோது, 1965 ஜனவரிக்குப் பிறகு தான் அங்கே ஆங்கிலத்தில் பேசலாமா என்பதும் விவாதப் பொருளாக இருந்தது. ஆட்சிமொழி மசோதாவின் 3ஆம் பிரிவு இரண்டு காரியங்களுக்கு ஆங்கிலத்தைத் தொடர அனுமதித்தது. ஒன்றிய அரசின் அலுவல்கள் ஒன்று, நாடாளுமன்ற நடவடிக்கைகள் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே ‘மே’. தமிழில் பேச உரிமை இல்லாதவர், இரவல் மொழியில் பேசும் உரிமையாவது நிலைக்குமா என்று அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தார். மேடைகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மசோதா நிறைவேறி 1963 மே 10ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. அதன் பிறகு நடந்தது நாடறிந்தது. அந்த நவம்பரில் அண்ணா கைதானார், ஆறு மாதத் தண்டனை. 1965 ஜனவரியில் மாணவர் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடுகள், தீக்குளிப்புகள். பிப்ரவரி 11ஆம் தேதி சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ஒன்றிய அமைச்சர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். பிரதமராகியிருந்த சாஸ்திரி அன்றே வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். அவையில் சொன்ன வாதத்துக்குக் காது கொடுக்காதவர்கள் தெருவுக்குக் காது கொடுத்தார்கள் என்று எழுதத் தோன்றுகிறது. அது பாதி உண்மை. தெரு கேட்டது என்ன என்பதை வரைவு வாசகமாக்கும் வேலை அவையில்தான் ஏற்கெனவே நடந்திருந்தது.

1967இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்கு வென்று மாநிலங்களவையை விட்டு விலகிய அண்ணா, மக்களவையிலும் தங்கவில்லை. மார்ச் 6ஆம் தேதி முதல்வரானார். சட்ட மேலவை உறுப்பினராக இருந்தே ஆட்சி செய்தார். அந்த மேலவையும் 1986இல் கலைக்கப்பட்டது. மாநிலங்களவை உரைகள் 1975இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. அவருக்குப் பின் வந்த கலைஞர் அரசு 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்து ஒன்றிய மாநில அதிகாரப் பங்கீட்டை ஆராயச் சொன்னது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 1963 ஜனவரியில் கேட்கப்பட்ட பத்திரம், குழு அறிக்கையாகவும் தீர்மானமாகவும் உருவெடுத்தது.

ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் 1967 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டு 1968 ஜனவரி 8ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. அதைத்தான் தமிழ்நாட்டின் வெற்றி என்று கொண்டாடுகிறோம், கொண்டாடலாம். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்து 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைப் பார்த்தால் அந்த ‘மே’ அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்றவில்லை, அதற்குப் பதிலாக ஐந்தாம் உட்பிரிவில் ஒரு காவல் போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அத்தனையும் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டாலன்றி ஆங்கிலத்தை நிறுத்த முடியாது என்ற காவல். அந்தக் காவல் எதற்கெல்லாம் பொருந்தும் என்று ஐந்தாம் உட்பிரிவு பட்டியல் தருகிறது. ஒன்றிய அலுவல்கள் பற்றிய (அ) கூறு அதில் இருக்கிறது. நாடாளுமன்ற நடவடிக்கைகள் பற்றிய (ஆ) கூறு இல்லை.

2018 முதல் மாநிலங்களவையில் 22 மொழிகளுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. தமிழில் பேச விரும்பும் உறுப்பினர் செயலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குள் தயாராக இருப்பார். 120ஆம் பிரிவின் வாசகம் மாறவில்லை.